விளக்குமாறு கட்டிய வண்டி

ஃப்ளாண்டர்ஸில் ஏப்ரல் மாத ஞாயிறு.
தறி எந்திரம் பழக வந்தவனுக்குப்
பட்டறை விடுமுறை.
பாதி வழியில் பேருந்தை நிறுத்திவிட்டார் ஓட்டுநர்.
இனிச் சாலை சைக்கிள்களுக்கு என்றார்,
மழை வரும் என்று சொல்வதுபோல.

நடந்தேன்.
மேடேறும் சந்தில் கருங்கல் பாவியிருந்தது.
கல் ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவு,
ரொட்டிகளுக்கு இடையே சேறு.
வேலியோரம் மடக்கு நாற்காலியில்
பன்றிப் பண்ணைக்காரி ரைன்ஹில்டா.
காலடியில் வெங்காய சூப் குடுவை,
மடியில் வீரர்களின் பட்டியல்,
காதில் செருகிய பென்சில்.
"இன்னும் நாலு மணி நேரம்.
உனக்கு அவசரமில்லையே?"

காத்திருப்பதற்கும் அங்கே ஓர் ஒழுங்கு.
பன்னிரண்டு மணிக்கு உருளைக்கிழங்கு வறுவல்.
ஒன்றரைக்கு விளம்பர வண்டிகள்;
ஓய்வுபெற்ற நீதிபதியாம், ஒருவர்
அவர்கள் எறிந்த சாவிக்கொத்துக்காக
ஓடைப்பள்ளத்தில் இறங்கினார்.
இரண்டுக்கு ஆலங்கட்டி. யாரும் எழவில்லை.
பியரில் விழுந்த கட்டியை
விரலால் எடுத்துச் சுண்டினாள் ஒருத்தி.

பிறகு மாடுகள் தலை தூக்கின.
ஹெலிகாப்டர் எங்களுக்குக் கேட்குமுன்
அவற்றுக்குக் கேட்டுவிட்டது.

மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிள். சிவப்புக் கார்.
யாரோ என் தோளைப் பற்றினார்கள்.
வந்துவிட்டார்கள்
தகரப்பெட்டியில் ஆணிகளைக் கொட்டிக் குலுக்கியதுபோல்
கல்லில் அதிரும் சங்கிலிகள்
ஒரு ஊரே தடுமனுக்குத் தேய்த்துக்கொண்டதுபோல்
தைல நெடி
ஒரு முழங்கை என் சட்டைப் பொத்தானை உரசியது
சேற்றுக்குள் இரண்டு கண்கள், பல்
போய்விட்டார்கள்.

பதினோரு விநாடி.
அதிலும் நாலு விநாடி
கைப்பேசியின் பொத்தானைத் தேடினேன்.
படத்தில் இருப்பது நீதிபதியின் குடை.

சிதறியவர்கள் இரண்டு மூன்று பேராக வந்து முடிந்தார்கள்.
நாற்காலிகளை மடித்துக்கொண்டு
மிச்சத்தை டிவியில் பார்க்க
மதுக்கடைக்கு இறங்கியது கூட்டம்.
ரைன்ஹில்டா மட்டும் எழவில்லை.
பட்டியலைப் பென்சில் முனையால் தட்டிக்கொண்டே
"ஒருத்தன் குறைகிறான்" என்றாள்,
தொழுவத்தை எண்ணிப் பூட்டுகிற குரலில்.

ஒன்பது நிமிடம் கழித்து வந்தான் அந்த ஒருத்தன்.
எண் 148. முழங்காலிலிருந்து இறங்கிய ரத்தம்
காலுறையில் காய்ந்திருந்தது.
அவன் வேகத்துக்கு நான் நடந்திருக்கலாம்.
பின்னால், ஹார்ன் அடிக்காமல்,
மிக மரியாதையாக,
கூரையில் விளக்குமாறு கட்டிய வெள்ளை வேன்:
கைவிடுபவர்களைக் கூட்டி அள்ளிக்கொள்வது.

எங்களுக்கு நேரே சக்கரம் வழுக்கியது.
ஒரு காலை ஊன்றினான்.
அந்தச் சரிவில் ஊன்றிய கால்
மறுபடி மிதிக்கு ஏறாது.
வேனும் நின்றது. அதன் கதவில்
ஒரு கை தயாராக இருந்தது.

ரைன்ஹில்டாவுக்கு இடுப்பு சரியில்லை.
என்னைப் பார்த்துக் கத்தினாள், அவள் மொழியில், ஒரே சொல்.
பட்டறைக் கதவில் தினமும் வாசிப்பதுதான்:
தள்ளு.

தள்ளினேன்.
ஈரத்துணிக்கு அடியில்
அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் முதுகு,
தோள்பட்டை எலும்பு என் உள்ளங்கையில்
ஏறி இறங்கி, ஏறி.
இருபது அடி இருக்கும். என் காலணி ஒன்று
சேற்றில் தங்கிவிட்டது.
பிறகு கை வெறுமையானது.
அவன் திரும்பாமல் ஏதோ சொன்னான்.

"என்ன சொன்னான்?"
"தெரியவில்லை. நன்றியாக இருக்கலாம்.
கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம்,"
என்றாள் ரைன்ஹில்டா,
அவன் பெயருக்கு நேரே பென்சிலால் கோடிட்டபடி.
சூப்பில் மீதி எனக்கு.

மறுநாள் செய்தித்தாளில் தேடினேன்.
148: முடிக்கவில்லை.
எங்கே இறங்கினான் என்று போடவில்லை.
அடுத்த மேட்டிலா, அடுத்த வளைவிலா,
என் கை விலகிய அந்த இடத்திலேயேவா.

விடுதி அறையில் தனியாக இருக்கும்போது
கையால் சாப்பிடுகிறவன் நான்.
அந்த ஞாயிறு இரவு
சோற்றை முள்கரண்டியால் சாப்பிட்டேன்,
வலது கையில் தைலம் இருந்தது.